டென்வர் பக்கம் பூவும் நிழலும் தரும் மரம்: கேள்வி பதில்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், டென்வரிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் வீட்டு முன்னால் மரம் வைக்க நினைப்பவர்கள் கேட்டவற்றுக்கு, அவரவர் ஊர்ப் பெயரோடு, மொத்தமாகப் பதில் சொல்கிறேன். இங்கே வருடம் முழுக்க மழை, பனி எல்லாம் சேர்ந்தே 15 அங்குலத்தை ஒட்டித்தான் வரும். மண்ணும் பெரும்பாலும் காரத்தன்மை கொண்ட களிமண். குளிரைத் தாங்கும் மரங்கள் நிறைய உண்டு. குளிர்காலத்தில் வேர் காய்ந்து போவதைத் தாங்கும் மரங்கள்தான் குறைவு.

அரோரா: மேற்கு வெயில் நேராக ஹாலுக்குள் அடிக்கிறது, அண்ணா. பூக்கவும் வேண்டும், நிழலும் வேண்டும். ஒரே ஒரு மரம் சொல்லுங்களேன்.

யோசிக்காமல் சொல்வேன், கட்டால்பா. நர்சரியில் 'நார்தர்ன் கட்டால்பா' என்று கேட்டு வாங்குங்கள். வெற்றிலை வடிவத்தில் இலை, ஒவ்வொன்றும் முக்கால் அடி, ஒரு அடி நீளம். அதனால் நிழல் கெட்டியாக விழும். ஜூனில் கொத்துக் கொத்தாக வெள்ளைப் பூ வரும். ஒரு பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள்: விளிம்பு சுருக்கம் வைத்துத் தைத்தது போல இருக்கும், உள்ளே மஞ்சள் கோடுகளும் கத்தரிப்பூ நிறப் புள்ளிகளும். நம் ஊர் மரமல்லி, ஜகரண்டா எல்லாம் இதே குடும்பம்தான்.

வசந்தத்தில் பக்கத்து மரங்களெல்லாம் துளிர்த்த பிறகுதான் இது கண் விழிக்கும். செத்துவிட்டது என்று பயப்படாதீர்கள். அந்தத் தாமதம்தான் கடைசி உறைபனியிலிருந்து இதைக் காப்பாற்றுகிறது.

40 முதல் 60 அடி வரை வளரும், எனவே சுவரிலிருந்து 20 அடியாவது தள்ளி வையுங்கள். உதிர்ந்த பூவையும் ஒரு அடிக்கு மேல் நீளமான காய்களையும் கூட்டிப் பெருக்க வேண்டியிருக்கும். கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே வேண்டாம்.

கொலராடோ ஸ்பிரிங்ஸ்: சரக்கொன்றை இங்கே வருமா?

வெளியில் வராது, முதல் குளிரிலேயே போய்விடும். மஞ்சள் பூதான் ஆசை என்றால் கோல்டன் ரெயின் ட்ரீ வையுங்கள். கொன்றைக்கு உறவில்லை, பூந்திக்கொட்டையின் குடும்பம். மற்ற மரங்கள் பூத்து ஓய்ந்த பிறகு, ஜூலை வெயிலில் மஞ்சளாகப் பூக்கும். 30 அடி மரம். உங்கள் ஊர் 6,000 அடி உயரத்தில் இருப்பதால் முதல் சில வருடம் கிளை நுனிகள் கருகலாம். காற்று மறைவான இடமாகப் பாருங்கள்.

ஃபோர்ட் காலின்ஸ்: ரெட் மேப்பிள் இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. உரம் போடட்டுமா?

இது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருக்கிறது, ஆனால் காரமண் அதை வேருக்கு விடுவதில்லை. சாதாரண உரத்தால் பலன் இல்லை. தண்ணீரைக் கூட்டினால் இன்னும் மோசமாகும். இந்த மண்ணுக்கு ரெட் மேப்பிள் பொருத்தமே இல்லை என்பது என் முடிவு.

பார்க்கர்: போன வருடம் வைத்த கன்று இலையுதிர் காலம் வரை நன்றாக இருந்தது. வசந்தத்தில் துளிர்க்கவே இல்லை. குளிர் கொன்றுவிட்டதா?

பெரும்பாலும் கொன்றது தாகம். அக்டோபரில் ஸ்பிரிங்க்ளரை அடைத்துவிடுகிறோம், ஏப்ரல் வரை அந்தப் பக்கமே போவதில்லை. ஆனால் ஜனவரியிலும் இங்கே சுள்ளென்று வெயில், வறண்ட காற்று. ஈரமில்லாத மண்ணில் வேர் செத்துக்கொண்டே இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

அக்டோபர் முதல் மார்ச் வரை, பனி மூடாத காலங்களில் மாதம் ஓரிரு முறை தண்ணீர் விடுங்கள். 40 ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கிற நாளில், நண்பகலில், மண் உறையாமல் இருக்கும்போது. அடிமரத்தின் குறுக்களவில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 10 காலன் கணக்கு. ஒரே இடத்தில் கொட்டாமல் கிளை பரவிய அளவுக்குச் சுற்றிலும் மெதுவாக விடுங்கள். அப்புறம் ஹோஸைக் குழாயிலிருந்து கழற்றிவிட மறக்காதீர்கள், ராத்திரி உறைந்தால் குழாய் வெடிக்கும்.

லேக்வுட்: இளமரத்தில் தென்மேற்குப் பக்கம் மட்டும் பட்டை வெடித்திருக்கிறது. பூச்சியா?

வெயில்தான். பகலில் சூடேறிய பட்டை இரவில் சட்டென்று உறைகிறது. நவம்பரில் மரத்துக்கான வெளிர்நிறக் காகிதச் சுற்றை அடியிலிருந்து முதல் கிளை வரை சுற்றுங்கள். ஏப்ரலில் கட்டாயம் கழற்றுங்கள், விட்டுவைத்தால் உள்ளே பூச்சி குடியேறும்.

போல்டர்: ஆஷ் மரம் மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா?

வேண்டவே வேண்டாம். ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகதத் துளைப்பான் வண்டு 2013 முதல் உங்கள் ஊரில் இருக்கிறது.

அரோரா (மறுபடி): சரி அண்ணா, கட்டால்பாதான். குழி எவ்வளவு ஆழம்?

ஆழம் வேண்டாம், அகலம் வேண்டும். வேர்ப்பந்தின் (வேரும் அதைச் சுற்றிய மண்ணும் சேர்ந்த உருண்டை) உயரத்துக்கு மேல் தோண்டாதீர்கள், குழியின் அகலம் வேர்ப்பந்தின் அகலத்தைப் போல் மூன்று மடங்கு. தொட்டியிலிருந்து எடுத்ததும் மேல் மண்ணைத் தள்ளி, அடிமரம் விரிந்து வேராகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். அது தரைக்கு ஓரிரு அங்குலம் மேலே தெரிய வேண்டும். சுருண்டு கிடக்கும் வேரை வெட்டிவிடுங்கள். தோண்டிய மண்ணையே போட்டு மூடி, மேலே 3 அங்குலம் மரச்சில்லுகளைப் பரப்புங்கள், அடிமரத்தை ஒட்டாமல்.