உணவுக்குழாய்ப் புற்றுநோய் இரைப்பைக்குள் இறங்கினால்…

என் அப்பாவுக்கு வயது 62. உணவுக்குழாயின் அடிப்பகுதியில் புற்றுநோய். இரைப்பைக்கும் போயிருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் நான்காம் நிலைதானே?

அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வராதீர்கள். உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில் நடுவில் தடுப்பு எதுவும் இல்லை. அங்கே தோன்றும் கட்டி இரைப்பையின் மேற்பகுதிக்குள் வளர்ந்து இறங்குவது சகஜம். இது கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ தாவியதற்குச் சமமல்ல. இரண்டையும் தொட்டிருக்கும் கட்டியின் மையம், சந்திப்பிலிருந்து கீழே 2 செ.மீ.க்குள் இருந்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோயாகவும், அதைத் தாண்டினால் இரைப்பைப் புற்றுநோயாகவும் கணக்கிடுகிறார்கள்.

நிலையைத் தீர்மானிப்பவை வேறு: கட்டி சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எத்தனை நிணநீர்க் கணுக்களில் இருக்கிறது, தொலைவு உறுப்புகளிலும் வயிற்றறையைப் போர்த்தியிருக்கும் உட்சவ்விலும் இருக்கிறதா என்பவை. உட்சவ்வில் உள்ள சிறு புள்ளிகள் பெட் ஸ்கேனில் தப்பிவிடலாம். அதனால்தான் இத்தகைய கட்டிகளுக்கு முதலில் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமராவை விட்டு வயிற்றுக்குள் பார்ப்பது) செய்து பார்க்கிறார்கள். அதை வேண்டாம் என்று மறுத்துவிடாதீர்கள். அரிதாக, மேலிருக்கும் கட்டியை விட்டு விலகி இரைப்பைச் சுவரில் தனி முடிச்சாகவும் நோய் காணப்படும். அது தீவிரமான அறிகுறி.

பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு?

அமெரிக்கப் புள்ளிவிவரப்படி, நோய் தோன்றிய இடத்திலேயே இருந்தால் ஏறக்குறைய பாதிப் பேரும், அருகிலுள்ள கணுக்களுக்குப் போயிருந்தால் நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானோரும் 5 ஆண்டுகளைக் கடக்கிறார்கள். தொலைவு உறுப்புகளுக்குப் பரவியிருந்தால் 100-ல் 5 பேர்தான். இவை முந்தைய ஆண்டுகளில் சிகிச்சை பெற்றவர்களின் கணக்கு.

சந்திப்பில் வருவது பெரும்பாலும் சுரப்பிச் செல் வகை (அடினோகார்சினோமா). இந்த வகைக்காக ஜெர்மனியில் நடந்த ஈசோபெக் ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் 'ஃப்ளாட்' என்ற கீமோ பெற்றவர்களில் பாதிப் பேர் 66 மாதங்களைத் தாண்டினார்கள். அறுவைக்கு முன் கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துப் பெற்ற பிரிவில் அது 37 மாதங்கள். தொலைவுக்குப் பரவாத, அறுவைக்கு உடல் தாங்கக்கூடியவர்களிடம் கிடைத்த முடிவு இது. தமிழ்நாட்டில் நிறையக் காணும் செதிள் செல் (ஸ்குவாமஸ்) வகைக்கு இதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. பயாப்ஸி ரிப்போர்ட்டில் எந்த வகை என்று முதலில் பாருங்கள்.

இரைப்பை முழுவதையும் எடுத்துவிடுவார்களா?

கட்டியின் இடத்தைப் பொறுத்தது. வழக்கமாக மேற்பகுதியை மட்டும் நீக்கி, மீதியைக் குழாயாக்கி மேலே இழுத்து இணைப்பார்கள். இரைப்பையில் வெகுதூரம் இறங்கியிருந்தால் குடலை வைத்துப் பாதை அமைப்பார்கள்.

என் அம்மாவுக்கு இந்த நோய். தண்ணீர்கூட இறங்கவில்லை. உணவு செலுத்த டியூப் போட வீட்டில் யாருக்கும் மனமில்லை.

உங்கள் தயக்கம் புரிகிறது. ஆனால் எடை குறையக் குறைய, கீமோவையும் அறுவையையும் தாங்கும் தெம்பு போய்விடும். கஞ்சித் தெளிவும் இளநீரும் மட்டும் கொடுத்துக் காத்திருப்பது சிகிச்சைக்கான நேரத்தைத் தின்றுவிடும். அறுவைக்கு வாய்ப்பு இருந்தால், இரைப்பையைத் தொடாமல் சிறுகுடலில் டியூப் வைப்பதையே பல அறுவை நிபுணர்கள் விரும்புவார்கள். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். உணவை மெதுவாகச் செலுத்த வேண்டும். முன்னும் பின்னும் ஆறவைத்த வெந்நீர் விட்டால் டியூப் அடைப்பது குறையும். அறுவைக்கு வாய்ப்பில்லாதவர்களுக்கு உணவுக்குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தால் ஓரிரு நாளில் நீராகாரம் இறங்கும்.

கல்லீரலுக்கும் பரவிவிட்டது. இனி?

முழுக் குணம் பெரும்பாலும் சாத்தியமில்லை. அதற்காகச் சிகிச்சையே இல்லை என்று பொருளல்ல. சுரப்பிச் செல் வகையானால், கட்டியில் சில புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் ஹெர்-2, பி.டி.எல்-1 பரிசோதனைகள் செய்தாயிற்றா என்று கேளுங்கள். அவற்றின் முடிவைப் பொறுத்துக் கீமோவுடன் கூடுதல் மருந்துகள் சேர்க்கலாம். வலித் தணிப்பு மருத்துவரை இப்போதே பாருங்கள், கடைசி வாரம்வரை தள்ளிப்போடாதீர்கள்.