விநாடிக்கு எத்தனை வெள்ளி?

கே: 2016 ரியோ ஒலிம்பிக்கில் நம் சிங்கப்பூர் நீச்சல் வீரர் ஜோசஃப் ஸ்கூலிங் தங்கம் வென்று, ஐம்பதே விநாடியில் பத்து லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பரிசு சம்பாதித்துவிட்டார். அப்படியிருந்தும் நம் பெற்றோர் பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்பத் தயங்குவது ஏன்?
– வாசகர், ஈசூன்

ப: ஐம்பது அல்ல, 50.39 விநாடி. 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி பாணியில் அன்றைய ஒலிம்பிக் சாதனை. அந்த .39ஐ நீங்கள் தள்ளுபடி செய்ததில் எனக்கு வியப்பில்லை. நம் ஆட்களின் கணக்கில் விநாடி வருவதே இல்லை. ரியோவில் அதே போட்டியில் அமெரிக்காவின் ஃபெல்ப்ஸ், தென்னாப்பிரிக்காவின் லெ குளோஸ், ஹங்கேரியின் செக் மூவரும் பேசிவைத்த மாதிரி 51.14இல் சுவரைத் தொட்டு வெள்ளிப் பதக்கத்தைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். இங்கே மாலை ஆறு மணிக்கு நூல் வெளியீடு என்று அழைப்பிதழ் வரும். ஆறுக்குப் போனால், நாற்காலி போடுகிறவர் நம்மையும் ஒரு கை பிடிக்கச் சொல்வார். ஆறே முக்காலுக்குத் தமிழ் வாழ்த்து. ஏழுக்கு வரவேற்புரை. அப்புறம் சிறப்பு விருந்தினர் அறிமுகம். அது முடிவதற்குள் ஸ்கூலிங் இருபது தங்கம் வாங்கியிருப்பார். இதை எழுதும்போதெல்லாம் அமைப்பாளர் ஒருவர் கோபமாக அழைக்கிறார். அதில் மட்டும் அவர் நேரம் தவறுவதில்லை: இதழ் வெளியான அன்று காலை சரியாக எட்டு மணிக்கு.

சரி, உங்கள் கணக்கு. விநாடிக்குச் சுமார் 19,800 வெள்ளி! ஆனால் பரிசில் ஐந்தில் ஒரு பங்கை நீச்சல் சங்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். பையனைப் பதின்ம வயதிலேயே புளோரிடாவுக்கு அனுப்பினார்கள். பிறகு டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் எடி ரீஸிடம் பயிற்சி. பெற்றோர் செலவழித்ததே பத்து லட்சத்தைத் தாண்டும் என்று அப்போது செய்தி வந்தது. லாபம்தான் குறி என்றால் வங்கியில் போட்டு வட்டி வாங்கியிருக்கலாம்.

அடுத்த மாதமே, அதே ரியோவில், மாற்றுத்திறனாளிகளுக்கான பாராலிம்பிக். தசைகள் வலுவிழந்துகொண்டே போகும் உடம்போடு நம் சிங்கப்பூர் வீராங்கனை யிப் பின் சியூ 100 மீட்டர் மல்லாந்து நீந்தி, உலக சாதனையுடன் தங்கம் வென்றார். நேரம் இரண்டு நிமிடத்துக்கும் மேல். பாராலிம்பிக் தங்கத்துக்கு அப்போது 2 லட்சம் வெள்ளிதான். உங்கள் கணக்குப்படி விநாடிக்கு 1,600கூடத் தேறாது! பிறகு தொகையை உயர்த்தினார்கள், சமமாக்கவில்லை. 2008 பெய்ஜிங்கிலிருந்து 2024 பாரிஸ்வரை அவருக்கு ஏழு தங்கம். ஸ்கூலிங் 2024இல் ஓய்வு பெற்றபோது இந்தப் பகுதிக்குக் கேள்விகள் குவிந்தன. பின் சியூவைப் பற்றி இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. நீங்களும்தான்.

பெற்றோர் ஏன் தயங்குகிறார்களா? அவர்களுக்குத் தயங்கவே நேரமில்லை ஐயா. சனி காலை கணக்கு டியூஷன், மாலை ஆங்கிலம், ஞாயிறு அறிவியல். ஈசூனிலேயே பொது நீச்சல் குளம் இருக்கிறது. கட்டணம் ஏறக்குறைய ஒரு கோப்பி விலைதான். நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள்?