யாருடைய பிஞ்சு மனம்?

கேள்வி: அமெரிக்காவில் சில மாநிலங்கள் இனப் பாகுபாடு பற்றிய பாடங்களுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கின்றன. நாம் மட்டும் சாதிக் கொடுமைகளையும் அரசியலையும் பாடமாக வைத்துப் பிஞ்சு மனங்களில் நஞ்சைக் கலக்க வேண்டுமா?
- ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: பிஞ்சு மனம் என்கிறீர்களே, யாருடைய பிஞ்சு? 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் எரிந்துபோன 44 பேரில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியைக் கூட்டிக் கேட்டவர்களின் குடும்பங்கள். உங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அந்த ஊர்ப் பிள்ளை படிக்கலாகாது என்று எதை மறைப்பீர்கள்? எந்தத் தெரு வழியாகப் பிணம் போகக்கூடாது என்பது எழுத்துக் கூட்டிப் படிக்கும் முன்பே அதற்குத் தெரியும். பாடத்தைக் கண்டு அஞ்சுவது பிள்ளைகள் அல்ல, வீட்டுப் பெரியவர்கள்.

இனமும் சாதியும் ஒன்றல்ல. ஆனால் மறைக்கிறவர்களின் பேச்சு எங்கும் ஒன்றுதான். அடிமைகள் கற்ற தொழில்திறன்கள் சில நேரங்களில் அவர்களுக்கே பயன்பட்டன என்றும் சொல்லித்தரச் சொன்னது 2023இல் புளோரிடாவின் பாடத்திட்டம். 'பண்ணையாளுக்கு நாங்கள்தானே கஞ்சி ஊற்றினோம்' என்று நம் பக்கத்தில் கேட்ட அதே குரல்! கஞ்சி ஊற்றிய கைதான் சாணிப்பாலும் புகட்டியது, சவுக்காலும் அடித்தது. எல்லாம் அன்பாகத்தான் நடந்ததென்றால் 1952இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் எதற்கு வந்தது?

கட்சி அரசியலைப் பாடப்புத்தகத்திலிருந்து விரட்டுங்கள் என்றால் உங்களோடு நானும் வருகிறேன். 2011இல் ஆட்சி மாறியதும் சமச்சீர் கல்வியை நிறுத்தப் பார்த்தார்கள். உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல ஆகஸ்ட் ஆகிவிட்டது. அதுவரை பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். வந்த புத்தகத்திலும் முந்தைய ஆட்சியின் தடம் தெரிந்த இடங்களில் ஸ்டிக்கர். ஒட்டிய தாளை நகத்தால் உரித்துப் பார்க்காத பிள்ளை உலகத்தில் உண்டா? தலைவர் புகழை எந்தக் கட்சி பாடமாக்கினாலும் அது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். கூலிக்கும் மானத்துக்கும் மக்கள் நடத்திய போராட்டம் அந்தக் கணக்கில் சேராது. அது வரலாறு.

இன்னொரு ஆதங்கமும் எனக்கு உண்டு, பல முறை எழுதியதுதான். டெல்டாப் பிள்ளையிடம் சோழர் என்றால் கல்லணை, பெரிய கோயில், கட்டியவர் யார், ஒரு மதிப்பெண். அதோடு சரி. பேரளத்துக்குப் பக்கத்தில் திருப்பாம்புரம் இருக்கிறது. ராகு, கேது பரிகாரத்துக்குக் கூட்டம் நெரிகிறது. அங்கே மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 1201ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளரும் அவருடைய இரண்டு மகள்களும் 110 காசுக்குத் தங்களைக் கோயிலுக்கே அடிமைகளாக விற்றுக்கொண்ட செய்தி அதில் இருக்கிறது. காவிரி பாயும் மண்ணில், நெல் விளைவித்த குடும்பத்துக்கே இந்தக் கதி! பஞ்சம் வந்தபோது களஞ்சியத்து நெல் யாரிடம் இருந்தது, கோயில் நிலம் யார் கையில் இருந்தது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எழுந்து கேட்கட்டும். ஆசிரியர் பதில் சொல்லட்டும். அந்த வகுப்பை அரசியல் என்று நீங்கள் சொன்னால், அந்த அரசியல் நம் பள்ளிகளுக்கு வேண்டும்.