ஜப்பானில் கான்கிரீட் துறைக்கு முன்னோடி என்று யாரைச் சொல்லலாம்?

என்னைக் கேட்டால் ஹிரோய் இசாமி.

1862இல் தோசாவில், அதாவது இன்றைய கோச்சியில், பிறந்தவர். படித்தது சப்போரோ வேளாண் கல்லூரியில். ஆமாம், வேளாண் கல்லூரிதான். பொறியியல் பாடமும் அங்கே இருந்தது. 1883இல் கைக்காசு போட்டு அமெரிக்கா போய் மிசிசிப்பி ஆற்றுச் சீரமைப்பில் வேலை பார்த்தார். அப்புறம் ஜெர்மனியில் படிப்பு. திரும்பி வந்து, தான் படித்த கல்லூரியிலேயே பேராசிரியர் ஆனார்.

அவர் பெயரைச் சொல்வது, வடக்கே ஹொக்கைடோ தீவில் உள்ள ஒதாரு துறைமுகத்தின் வடக்கு அலைத்தடுப்புச் சுவர். 1897இல் வேலை தொடங்கியபோது கடலுக்குள் சிமென்ட் என்றாலே பயம். யோக்கஹாமா துறைமுகத்தில் போட்ட கான்கிரீட் பிளாக்குகள் விரிசல் விட்டிருந்தன. சிமென்ட்டின் மேல் பழி போடுவது சுலபம். ஹிரோய் ஆராய்ந்து, கலவையைச் சரியாகக் குத்திக் கெட்டிக்காததால் உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது என்றார். சைட்டில் வேலை பார்க்கிற எவருக்கும் இது பழக்கமான கதை.

ஒதாருவில் அவர் சிமென்ட்டோடு எரிமலைச் சாம்பலைக் கலந்தார். சிமென்ட் இறுகும்போது வெளிவரும் சுண்ணாம்போடு சாம்பலில் உள்ள சிலிக்கா சேர்ந்து நுண்துளைகளை அடைக்கும். செலவும் குறையும். இன்று நம் கடைகளில் விற்கும் பிபிசி (PPC, போர்ட்லேண்ட் பொசோலானா) சிமென்ட்டில் ஃப்ளை ஆஷ், அதாவது அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல், செய்வதும் இதே வேலைதான். பிளாக்குகளை நேராக அடுக்காமல், கொழும்புத் துறைமுகத்தில் செய்ததுபோல, ஒன்றன்மேல் ஒன்று சாயும்படி வைத்தார். 1908இல் 1,289 மீட்டர் சுவர் முடிந்தது. இன்றும் அலையைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அவர் செய்த சோதனை. கான்கிரீட் வார்த்த 28ஆம் நாள், கியூபை (சோதனைக்காக வார்த்த கனசதுரக் கட்டியை) உடைத்து ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கிவிட்டால் நம் கவலை தீர்ந்தது. அவரோ இடுப்பு ஒடுங்கிய, 8 வடிவத்தில் சுமார் 60,000 சாந்து வில்லைகளை வார்க்க வைத்தார். சில கடல் நீரில், சில நல்ல தண்ணீரில், சில காற்றில். அவ்வப்போது சிலவற்றை எடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து, அறுபடும்வரை இழுத்து பலத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். 1928இல் அவர் இறந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் நூறு வருடம் தாண்டியும் அந்த வில்லைகளை இழுத்துப் பார்த்துக் குறித்து வைத்தார்கள். தன் கலவைமேல் நம்பிக்கை இல்லாதவன் இப்படி ஆதாரத்தை விட்டுவைக்க மாட்டான்.

1899 முதல் 1919 வரை டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். பனாமா கால்வாய் கட்டுமானத்தில் வேலை செய்த அவோயாமா அகிராவும், தைவானில் வூஷாந்தோ அணையைக் கட்டிய ஹத்தா யோயிச்சியும் இவருடைய மாணவர்கள்தான்.