92 பிள்ளைகளுக்கு 1,60,000 ரூபாயா?

கேள்வி: எங்கள் ஊர் பாலக்கோட்டுக்குப் பக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் போன வருடம் 104 பிள்ளைகள், இந்த வருடம் 92. செலவு மட்டும் ஏறுகிறது. போன வருடம் 60,000 ரூபாயில் ஓடிய பள்ளிக்கு அடுத்த வருடம் 1,60,000 வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் திட்டம் போட்டிருக்கிறார்கள். துப்புரவுக்கு 36,000. போர்வெல் தண்ணீர் இருக்கும்போதே ஒகேனக்கல் தண்ணீர் இணைப்புக்கும் தொட்டிக்கும் 28,000! காலியாக இருக்கும் பட்டதாரி ஆசிரியர் இடத்தில் ஒருவரை வைக்க 50,000. ஆண்டு விழாவுக்கும் நுழைவு வளைவுக்கும் 46,000. மானியம் போக மிச்சத்தை ஊராட்சி நிதியில் கேட்பார்களாம், வீட்டுக்கு 500 ரூபாய் வசூலும் உண்டாம். அரசு ஒதுக்கும் ஆயிரக்கணக்கான கோடி எங்கே போகிறது? மே 1 கிராம சபையில் மொத்தமாக எதிர்க்கப் போகிறேன். 'உன் பையன் தர்மபுரி மெட்ரிக் பள்ளியில்தானே படிக்கிறான், உனக்கென்ன?' என்று வாயை அடைக்கிறார்கள். வீட்டு வரி கட்டுகிறவனுக்குக் கேட்க உரிமை இல்லையா?

– பெயர் வேண்டாம் என்ற வாசகர், பாலக்கோடு வட்டம்

பதில்: தாராளமாக உரிமை இருக்கிறது. மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டம். அங்கே பெற்றோர் என்ற முறையில் கை தூக்க உங்களுக்கு இடமில்லை. ஆனால் ஊராட்சி நிதி என்று வந்துவிட்டால் அது கிராம சபைச் சமாச்சாரம். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற யாரும் எழுந்து கேட்கலாம். பையன் எங்கே படிக்கிறான் என்று திருப்பிக் கேட்பது, கணக்குக் காட்ட மனமில்லாதவர்களின் பேச்சு. இதுவரை நான் உங்கள் கட்சி.

மொத்தமாக எதிர்ப்பேன் என்கிறீர்களே, அங்கே நான் கட்சி மாறுகிறேன்.

பிள்ளை குறைகிறது, செலவு கூடுகிறது என்றால் காதுக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நடுவில் ஒன்றை நீங்கள் பார்க்கவில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் (சமக்ர சிக்ஷா) வரும் ஆண்டு மானியம் தலைக்கு இவ்வளவு என்று வருவதில்லை. படி வைத்துத் தருகிறார்கள். 30 பிள்ளைக்கு மேல் 100 வரை 25,000 ரூபாய். 100-ஐத் தாண்டினால் 250 வரை 50,000. உங்கள் பள்ளி 104-லிருந்து 92-க்கு இறங்கினால் மானியம் பாதியாகிவிடும். குறைந்தது 12 பிள்ளை, போவது 25,000 ரூபாய். கூரை அதே கூரை, மோட்டார் அதே மோட்டார், கழிவறை அதே கழிவறை. சாக்பீஸ்கூட மிச்சமாகாது, போர்டில் எழுதுவது ஆசிரியர்.

அந்த 25,000-ஐ, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை சட்டம் சொல்லும் 220 வேலை நாளுக்குப் பிரித்துப் பாருங்கள். நாளுக்கு 113 ரூபாய் சொச்சம். எட்டு வகுப்புக்கும் சேர்த்து. இதிலும் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கென்று ஒதுக்கிவிட வேண்டும். 2018-ல் திட்டம் தொடங்கியபோது நூறு பிள்ளை வரைக்கும் போட்ட தொகை இது. 2021-ல் திட்டத்தைப் புதுப்பித்தபோதும் ஏறவில்லை. இடையில் பினாயிலும் பெயின்ட்டும் எவ்வளவு ஏறின என்று பாலக்கோடு கடைத்தெருவில் கேட்டால் சொல்வார்கள்.

ஆயிரக்கணக்கான கோடி எங்கே என்றீர்கள். 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் பள்ளிக் கல்விக்கு 46,767 கோடி, அதற்கு முந்தைய ஆண்டு 44,042 கோடி. பெரும்பகுதி சம்பளம். சம்பளம் வீண் செலவு என்று நான் சொல்ல மாட்டேன், ஆசிரியர் இல்லாமல் பள்ளி எதற்கு? ஆனால் உங்கள் தலைமையாசிரியர் ஒரு பல்பு வாங்க நினைத்தால் கைவைக்க முடிகிற பணம் நாளுக்கு அந்த 113 ரூபாய்தான். போதாக்குறைக்கு, ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டமான பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024-25-க்கு ஒன்றிய அரசு தர வேண்டிய 2,152 கோடியை நிறுத்தி வைத்தார்கள். டெல்லியும் சென்னையும் மல்லுக்கட்டினால் இடையில் மாட்டிக்கொள்வது பாலக்கோட்டுப் பள்ளிக்கூடத்து பினாயில் பாட்டில்.

சரி, தண்ணீருக்கு வருவோம். ஆச்சரியக்குறி வேறு போட்டிருக்கிறீர்கள். தர்மபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? நம் நிலத்தடி நீரில் புளோரைடு இருப்பது நேற்றுக் கண்டுபிடித்த விஷயமா? குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய ஊர்கள் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஏராளம். அதனால்தான் ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு 2013-ல் திறந்தார்கள். புளோரைடால் பல்லிலும் எலும்பிலும் வரும் புளோரோசிஸைக் குறைப்பது என்பது திட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் புளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். நிரந்தரப் பற்கள் ஈறுக்குள் உருவாகிற காலம் ஏறக்குறைய எட்டு வயது வரை. பழுப்புக் கறை அப்போதே பல்லில் ஏறிவிடுகிறது, அப்புறம் எந்தப் பற்பசை போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஒன்றாவது, இரண்டாவது படிக்கிற பிள்ளைகள் சரியாக அந்த வயதில்தான் இருக்கிறார்கள்.

2023 ஆகஸ்டிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும் பள்ளியில். மதியச் சத்துணவும் அங்கேதான். ரவையும் பருப்பும் எந்தத் தண்ணீரில் வேகின்றன என்று ஒரு நாள் காலையிலேயே போய் அடுப்படியில் நின்று பாருங்கள். உங்கள் ஊர் போரில் புளோரைடே இல்லை என்று நம்பினால், ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள், காகிதத்தில் எழுதித் தருவார்கள். அளவு சரியாக இருந்தால் அந்தக் காகிதத்தோடு கிராம சபைக்குப் போய் எதிர்த்துப் பேசலாம், நானே கைதட்டுவேன். அதுவரை, காவிரியிலிருந்து மேடேற்றி உங்கள் தெருக்குழாய் வரை கொண்டு வந்த தண்ணீர் பள்ளி காம்பவுண்டுக்கு வெளியே 28,000 ரூபாய்க்காக நிற்கிறது என்றால், வெட்கப்பட வேண்டியது தலைமையாசிரியர் இல்லை.

துப்புரவை ஒரே வார்த்தையில் தாண்டிவிட்டீர்கள். 36,000 என்றால் மாதம் 3,000. கிராமத்துப் பள்ளிகள் பலவற்றில் கழிவறையின் கதி ஊரறிந்தது. ஒரு கதவு பூட்டியிருக்கும், சாவி தலைமையாசிரியர் மேசை டிராயரில், அதிகாரி வந்தால் திறப்பதற்கு. இன்னொரு கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது. ஒரு பெண் உள்ளே போனால் தோழி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். குழாயின் திருகு உடைந்து கந்தல் துணி சுற்றியிருக்கும். ஏழாவது, எட்டாவது படிக்கிற பெண்கள் காலையிலிருந்து பள்ளி விடும்வரை தண்ணீரே குடிக்காமல் சமாளிப்பார்கள். 'டவுன் ஸ்கூலுக்கே அனுப்பிடலாம்' என்ற பேச்சு பல வீடுகளில் தொடங்குவது இங்கேதான், பாடத்தில் இல்லை. 104 எப்படி 92 ஆயிற்று என்பதற்கு வேன், இங்கிலீஷ் மீடியம், பெங்களூருக்கு வேலைக்குப் போன குடும்பங்கள் என்று காரணம் பல உண்டு. கழிவறையும் அதில் ஒன்று. எப்போதாவது வந்து போகிற துப்புரவு அம்மா தினமும் வருவதற்கு மாதம் 3,000 அதிகம் என்று எனக்கு வாய் வரவில்லை. குறைவு என்றுதான் சொல்வேன்.

ஆசிரியர் விஷயத்தில் நீங்கள் எதிர்ப்பது சரி, காரணம்தான் வேறு. அனுமதிக்கப்பட்ட இடம் காலி என்றால் ஊர் எதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும்? காலியிடங்களில் மேலாண்மைக் குழு வழியாகவே தற்காலிக ஆசிரியரை வைத்து, சம்பளத்தை அரசு தருகிற ஏற்பாட்டை 2022-ல் கொண்டுவந்தார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு முதலில் 10,000 என்றார்கள், பிறகு 15,000 ஆக்கினார்கள். அந்த வழியில் விண்ணப்பித்தீர்களா, என்ன பதில் வந்தது என்று குழுவைக் கேளுங்கள். இங்கே பத்து மாதத்துக்கு 50,000, அதாவது மாதம் 5,000-க்கு பி.எட். படித்த ஒரு பெண்ணைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். 220 வேலை நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 227 ரூபாய் சொச்சம். நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலியே 336. கணக்குச் சொல்லித் தரப் போகிறவருக்கு இந்தக் கணக்கு தெரியாமலா இருக்கும்?

நுழைவு வளைவைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. அடித்துவிடுங்கள். வளைவில் யார் யார் பெயர் வரும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆண்டு விழாவைப் பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் ஆடிப் பாடி நடத்தட்டும், சீரியல் பல்பும் சவுண்ட் சர்வீஸும் இல்லாமல்.

இப்போது கூட்டிப் பாருங்கள். 1,60,000-ல் வளைவும் விழாவும் 46,000, ஆசிரியர் 50,000, இரண்டையும் கழித்தால் 64,000. போன வருடத்தைவிட நாலாயிரம் ரூபாய் அதிகம், அவ்வளவுதான். மானியம் 25,000 வந்தால் ஊராட்சி தர வேண்டியது 39,000. இதற்காகவா ஊரை இரண்டாக்குவது?

மொத்தமாக எதிர்ப்பதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. குழு போட்ட இந்தத் திட்டத்துக்குச் சட்டத்தில் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் என்று பெயர், அதை நீங்கள் செலவுச் சீட்டாகப் பார்க்கிறீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 22-வது பிரிவைப் படித்தால் அது கோரிக்கை மனு என்று தெரியும். அரசும் உள்ளாட்சியும் பள்ளிக்குத் திட்டமிடுவதும் மானியம் தருவதும் அதன் அடிப்படையில் நடக்க வேண்டும் என்கிறது சட்டம். தண்ணீர் வேண்டும், ஆசிரியர் வேண்டும் என்று எழுதிக் கேட்டாலே இழுத்தடிக்கிற நிர்வாகம், எழுதாத பள்ளியைத் தேடி வந்து கொடுக்குமா? திட்டத்தைத் தோற்கடித்தால் ஊருக்கு மிச்சமாவது ஒன்றுமில்லை.

மிச்சம் இருப்பது வீட்டுக்கு 500. இதைத்தான் நீங்கள் குரல் உயர்த்தி எதிர்க்க வேண்டும், கடிதத்தில் பாதி வாக்கியத்தில் விட்டுவிட்டீர்கள். கட்டணமோ செலவோ கட்ட வைத்து ஒரு பிள்ளையின் எட்டாம் வகுப்பு வரையான படிப்பைத் தடுக்கக் கூடாது என்பது சட்டம். அரசுப் பள்ளியில் கட்டாய வசூலுக்கு இடமே இல்லை. 'நன்கொடை' என்று பெயர் வைத்து, கொடுக்காத வீட்டுப் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்தினால் அது வசூல்தான். தக்காளி கிலோ இரண்டு ரூபாய்க்குப் போகிற வாரத்தில், பறிப்புக் கூலிக்குப் போகிற அம்மா 500 ரூபாய்க்கு யாரிடம் போய் நிற்பார்? ஊர் கூடிப் பள்ளியை வளர்த்த வரலாறு நமக்கு இருக்கிறது, மறுக்கவில்லை. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1950-களின் கடைசியில், கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். நிலமும் கட்டடமும் பெஞ்சும் சீருடையும் வந்து குவிந்தன. இருந்தவர் கொடுத்தார். இல்லாதவர் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. உங்கள் ஊரிலும் மாம்பழ மண்டியோ லாரியோ வைத்திருக்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் ரசீது புத்தகத்தோடு போகட்டும். உங்களிடமும் வரட்டும், மெட்ரிக் பள்ளி வேன் கட்டணம் ஏறும்போது முணுமுணுக்காமல் கட்டுகிறவர்தானே நீங்கள்.

மே 1 அன்று ஒன்று செய்யுங்கள். தண்ணீர், துப்புரவு, ஆசிரியர், வளைவு, வசூல் எல்லாவற்றையும் ஒரே தீர்மானமாக வாசித்துக் கைதட்டி முடிக்கப் பார்ப்பார்கள். தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். வந்த மானியம் எப்படிச் செலவானது என்று கண்காணிப்பதும் மேலாண்மைக் குழுவின் சட்டப்படியான வேலை, எனவே போன வருடத்து 60,000-க்கும் பில்லைக் கேட்கலாம். பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன் மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பல ஊரில் கையெழுத்து முதலில், தீர்மானம் பிறகு.