கிணற்றடியில் 230 வோல்ட் காட்டியும் மோட்டார் ஓடாதது ஏன்?

மோட்டாரை நிறுத்திவைத்து அளந்த 230 வோல்ட், ஒயர் போதுமானது என்பதற்குச் சான்றாகாது. மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் இழுக்கும் மின்னோட்டம் மிகமிகச் சிறியது. மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாத ஒயரில், அதன் மின்தடை எவ்வளவாக இருந்தாலும், மின்னழுத்தம் குறைந்து தெரிவதில்லை.

காங்கேயம் பக்கத்துத் தோட்டத்தில், சாளையிலுள்ள (தோட்டத்து வீட்டிலுள்ள) மின் மீட்டரிலிருந்து 200 மீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர் இழுத்திருப்பதாகவும், ஒன்றரை எச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் உறுமிவிட்டு நின்றுவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அந்த நீளமே காரணம். இந்த ஒயருக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 7.4 ஓம், போக வர 400 மீட்டர் என்பதால் ஏறத்தாழ 3 ஓம். 10 ஆம்பியர் ஓடினால் 30 வோல்ட் வழியிலேயே இழக்கப்படும். புறப்படும்போது மோட்டார் அதைப்போலப் பல மடங்கு இழுப்பதால், அதற்குத் திருப்புவிசை மிகவும் தேவைப்படும் அந்தக் கணத்தில்தான் மின்னழுத்தம் மிக மோசமாகச் சரிகிறது.

அனுபவமுள்ள ஒயர்மேனைக் கொண்டு, மோட்டாரைப் போடும் அதே நேரத்தில் இரு முனைகளிலும் அளக்கச் சொல்லுங்கள்.

1. கிணற்று முனையில் மட்டும் சரிந்தால் ஒயர்தான் குறை. 6 சதுர மி.மீ. போட்டால் ஓடும்போதைய இழப்பு சுமார் 12 வோல்ட்டாகும்.
2. மீட்டரிலும் சரிந்தால் வரும் லைனில் குறை. ஒயரை மட்டும் மாற்றினால் போதாது.
3. இரு முனைகளிலும் மின்னழுத்தம் குறையாமல் இருந்தால், மோட்டார் புறப்பட உதவும் கெப்பாசிட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

தளர்ந்த இணைப்பும் இதே அறிகுறியைத் தரும் என்பதால், புது ஒயர் வாங்குமுன் எல்லா இணைப்புகளையும் பார்த்துவிடுங்கள். மெயினை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கக்கூடும். ஆகவே அதை வெறுங்கையால் தொடவே வேண்டாம்.