சாக்கடை கலந்த தண்ணீர் குழந்தையின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்குமா?

கேள்வி: நான் கர்ப்பமாக இருந்தபோதும், குழந்தை பிறந்து சில மாதங்கள் வரையிலும் எங்கள் தெருக் குழாயில் சாக்கடை நாற்றத்தோடு தண்ணீர் வந்தது. மகனுக்கு இப்போது 14 மாதம். அடிக்கடி வயிற்றுப்போக்கு, எடையும் ஏறவில்லை. 'எதிர்ப்பு சக்தியே போய்விட்டது, டானிக் கொடு' என்கிறார்கள். போட்ட தடுப்பூசிகளும் வீண்தானா? – ஒரு வாசகி

பதில்: வீண் இல்லை அம்மா. எதிர்ப்பு சக்தியும் அடியோடு போய்விடாது. ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

மலக்கிருமி கலந்த தண்ணீரைத் தொடர்ந்து குடிக்கும் குழந்தைக்கு, வயிற்றுப்போக்கு இல்லாத நாட்களிலும் சிறுகுடலின் உள்சுவர் புண்பட்டுக்கொண்டே இருக்கும். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் குட்டையாகிவிடும். எதிர்ப்பு அணுக்கள் ஓய்வே இல்லாமல் அங்கேயே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். என்ன ஊட்டினாலும் உடம்பில் ஒட்டாது. உங்கள் மகனுக்கு எடை ஏறாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

வாய்வழி கொடுக்கும் சொட்டு மருந்துகள் இந்தக் குடல் வழியாகத்தான் வேலை செய்தாக வேண்டும். மூன்று தவணை போலியோ சொட்டு மருந்து கொடுத்தும் நம் குழந்தைகளில் பலருக்கு எதிர்ப்பு உருவாகவில்லை என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் 1970களிலேயே எடுத்துச் சொன்னார். பிற்பாடு டெல்லி, புனே, வேலூரில் சோதித்த ரோட்டாவேக் சொட்டு மருந்து, கடுமையான ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கை முதல் வயதில் சுமார் 55 சதவீதம் தடுத்தது. ஐரோப்பாவில் இதே வகை மருந்துகள் 90 சதவீதத்தை ஒட்டித் தடுக்கின்றன. இந்த இடைவெளிக்குக் குடலின் நிலையும் ஒரு காரணம். அதற்காகச் சொட்டு மருந்தை விட்டுவிடாதீர்கள். பாதி ஆபத்தைத் தடுத்தாலே பல உயிர்கள் தப்புகின்றன. ஊசியாகப் போடுபவற்றுக்கு இந்தத் தொல்லை பெரிதாக இல்லை. போலியோவுக்கும் இப்போது ஊசி உண்டு. 16 மாதம் முடிந்ததும் முத்தடுப்பு ஊக்கத் தவணையையும் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணையையும் தள்ளிப்போடாமல் போட்டுவிடுங்கள்.

கர்ப்ப காலம் பற்றி: சாக்கடைக் கிருமிகள் பெரும்பாலும் தாயைத்தான் தாக்கும். உங்களுக்கு அப்போது மஞ்சள் காமாலை வந்திருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். ஆர்செனிக் போன்ற நச்சுகளின் கதை வேறு. வங்கதேசத்தில் அது கருவிலேயே குழந்தையின் எதிர்ப்பு மண்டலத்தைப் பாதிப்பதைக் கண்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்வது அந்த வகை இல்லை.

டானிக் வேண்டாம். அந்தக் காசுக்கு முட்டையும் பருப்பும் வாங்கலாம். குடலின் உள்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்; கிருமி உள்ளே போவது நின்றால் குழந்தை தேற நல்ல வாய்ப்பு உண்டு. தாய்ப்பால் இருந்தால் நிறுத்தாதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் முதல் போக்கிலிருந்தே ஓஆர்எஸ் கொடுங்கள், மருத்துவரைக் கேட்டு 14 நாள் ஜிங்க் என்ற துத்தநாகச் சத்து மருந்தும் கொடுங்கள். போக்கு நின்றுவிட்டது என்று ஜிங்க்கைப் பாதியில் விடுபவர்கள்தான் அதிகம்.

தண்ணீரைக் கொதிக்கவைப்பது நீங்கள் அறிந்ததுதான். நன்றாகத் தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் போதும். பல வீடுகளில் கோட்டை விடுவது அதற்கப்புறம்தான். ஆறிய தண்ணீரைக் குடத்தில் ஊற்றி, சொம்பை விட்டு மொள்ளும்போது விரல்களும் சேர்ந்து முங்கும், காய்ச்சியது வீண். குழாய் வைத்த பாத்திரம் அல்லது நீளக் கைப்பிடி அகப்பை வைத்துக்கொள்ளுங்கள். பால் புட்டி கூடவே கூடாது.

தெருவில் நாலு பேராகச் சேர்ந்து உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்க வேண்டும். சோதிப்பதும் எளிது: கண்ணாடிக் குழலில் தண்ணீர் பிடித்து, குளோரினைக் காட்டும் சோதனைத் திரவத்தைச் சில சொட்டுகள் விட்டால் மஞ்சள் நிறம் தெரிய வேண்டும். ஆளை வரவழைத்து உங்கள் கண் முன்னாலேயே செய்யச் சொல்லுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு; அங்கும் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கலாம்.

மகனை இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டி, எடை, உயரம், ரத்தச்சோகை பார்த்துவிடுங்கள். ஒரே வருடத்தில் இருமுறை நிமோனியா, வாயில் மாறாத வெண்புண், திரும்பத் திரும்ப ஆழமான சீழ்க்கட்டி என்று ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். அப்போதுதான் எதிர்ப்பு சக்திக்கென்று தனிப் பரிசோதனை தேவைப்படும். மலத்தில் ரத்தம், கண் குழிவிழுதல், சிறுநீர் குறைதல், பால் குடிக்க முடியாத சோர்வு தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.